கிளினிக் திறக்கும் முன் மூடும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசாங்க மருத்துவமனை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரில் சின்னதாக ஒரு கிளினிக் போடலாமா என்று கேட்கும் இளம் டாக்டர்கள் நம் மலேசியத் தோட்டப்புற ஊர்களில் பெருகி வருகிறார்கள். காரணம் ஊரறிந்தது. ஓயாத ஓன்கால் (அழைத்தால் ஓட வேண்டிய கூடுதல் பணி), வார்டில் ஆள் பற்றாக்குறை, டாக்டர்களை நிரந்தரமாக எடுக்காமல் 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறை, அதை எதிர்த்து 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுக்க நடத்திய ஹர்த்தால். இதற்கெல்லாம் பிறகும் களைப்பு குறையாதவர்கள்தான் கேட்கிறார்கள். பகாவ் வட்டாரத்தில் கிளினிக் நடத்துகிறவர்கள் என்ற முறையில் அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில விவரங்களைத் தங்கள் பகுதி வழியே சொல்ல விரும்புகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்' என்ற இந்தக் களைப்புக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி வற்றிப்போவது, வேலையின்மேலும் நோயாளியின்மேலும் மனம் விட்டுப்போவது, எதைச் செய்தாலும் பலனில்லை என்று தோன்றுவது. இது வேலையிடத்தில் உண்டாவது, தனி நோயன்று என்றும் அது சொன்னது. வேலையிடத்தை மாற்றினால் இது தீரும் என்பது பாதி உண்மைதான். காலை 8 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கிளினிக் வாரத்துக்கு 98 மணி நேரம் ஓடுகிறது. அதில் தனியாக உட்காருகிற டாக்டர், மருத்துவமனையில் பட்டதைவிட அதிகமாகச் சொந்த செலவில் படுகிறார். ஆகவே முதல் முடிவு இடமோ பெயர்ப்பலகையோ அல்ல. எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவது என்பதுதான். வாடகை, ஆள், கடன் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் அடங்குமாறு பிறகு அமைக்க வேண்டும்.

எங்கள் கணக்கு இது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி காலை 8 முதல் 12.30, மதியம் 2 முதல் 6. புதன் காலை மட்டும். சனி 8 முதல் 1. ஞாயிறு விடுமுறை. மொத்தம் 43.5 மணி. 2023 முதல் வேலைச் சட்டம் அனுமதிக்கும் வார வேலை நேரம் 45 மணி என்பதால், உதவியாளர்கள் ஒரே ஷிப்டில் அடங்கிவிடுகிறார்கள். இரண்டாவது ஷிப்ட் என்று ஒன்று வந்துவிட்டால் செலவுக் கணக்கு அடியோடு மாறிவிடும்.

2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதன்மேல் சேமநிதி 13 விழுக்காடு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி), வேலைக் காப்புறுதி சேர்த்தால் ஓர் உதவியாளருக்கு மாதம் சுமார் 1,955 வெள்ளி ஆகிறது. இருவருக்கு 3,910. கடை வாடகை 1,500, மின்சாரம், தண்ணீர், இணையம் 700, கிளினிக் மென்பொருள் 200, கழிவு அகற்றல் 150, காப்புறுதி 300, கணக்காளர் 250, கருவிக் கடன் தவணை 1,500 என்று வைத்தால் மொத்தம் 8,510. டாக்டரின் சம்பளம் 8,000 என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். மிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒருநாளும் மிஞ்சாது. ஆக மாதம் 16,510 வெள்ளி. ஒரு நோயாளியின் பில் மருந்தோடு சராசரி 50 வெள்ளி, அதில் மருந்தின் கொள்முதல் 18 வெள்ளி என்றால் கையில் நிற்பது 32. மாதம் 516 பேர், 24 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 22 பேர். ஆளுக்கு 12 நிமிடம் கொடுத்தாலும் நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டுப் போடவும், குறிப்பு எழுதவும், கடிதம் தயாரிக்கவும், சாப்பிடவும் நேரம் மீதி இருக்கிறது. வாடகையும் சராசரி பில்லும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். விடை 40-க்கு மேல் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

இரவிலும் திறந்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். மாலை 5 முதல் 10 வரை, மாதம் 26 இரவு, லோக்கம் (தற்காலிக மாற்று) டாக்டருக்கு மணிக்கு 45 வெள்ளி என்றால் 5,850. கூடுதல் உதவியாளர் ஒருவர் 1,955. இந்தச் செலவை ஈடுகட்ட மட்டும் இரவுக்கு 9 அல்லது 10 நோயாளி வேண்டும். பெருநகரில் வருவார்கள். தோட்டப்புற ஊரில் ஏழரை மணிக்குமேல் தெரு அடங்கிவிடும். லோக்கம் வராத இரவுகளில் யார் உட்காருவது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு. சட்டப்படி மாதச் சம்பளம் மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கிடைத்துவிட வேண்டும். சம்பளம் போட்ட வாரத்தில் கூட்டம் கூடும். அந்த வாரத்தில் மட்டும் இரண்டு நாள் 8 மணிவரை திறந்து, உதவியாளருக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுங்கள். அது கட்டுப்படியாகும்.

செம்பனைத் தோட்டத்தின் நாள் ஓட்டம் நகரத்தைப் போன்றதல்ல. விடியும் முன்பே பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு). குலை வெட்டுகிறவர்கள் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் வெளியே வருகிறார்கள். ஆகவே காய்ச்சல், வெட்டுக்காயம், மட்டை முள் குத்தி வீங்கிய கை எல்லாம் மதியத்துக்குப் பிறகு வரும். காலை எட்டு மணிக்கு வருகிற தொழிலாளி பெரும்பாலும் பெரட்டுக்குப் போக முடியாமல் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்டு வந்தவர். 9 முதல் 12 வரை கிளினிக் காற்றாடும். அந்த நேரத்தை இனிப்புநீர் (நீரிழிவு), ரத்த அழுத்தக்காரர்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். அவர்களில் பலர் ஓய்வு பெற்ற பெரியவர்கள், காலையில் வரக்கூடியவர்கள். மதியம் முழுக்க நேரம் குறிக்காமல் வருகிறவர்களுக்கு விட்டுவிடலாம். இப்படிப் பிரிக்காவிட்டால் மதியம் மூன்று மணிக்கு, குலை வெட்டிவிட்டு வந்த பதினைந்து பேரும் ஆறு மாதமாக இன்சுலின் சரிசெய்யாத பாட்டியும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள். அவசரத்தில் இருவருக்குமே அரைகுறை வைத்தியம்தான் நடக்கும்.

நீண்டநாள் நோய்க்கு மருந்து விற்றுப் பிழைக்கலாம் என்று எண்ண வேண்டாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளிக்கு ஆலோசனையும் மருந்தும் கிடைக்கிறது. அதோடு போட்டி போடக்கூடாது. நோயாளி மருந்தை அங்கேயே வாங்கட்டும். இடையில் வரும் சந்தேகங்கள், கால் புண் பார்ப்பது, மாத்திரைகளை விரித்துவைத்து எதை எப்போது போடுவது என்று தமிழில் புரியவைப்பது, இவை உங்கள் வேலை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அது இன்னும் கனமாக இருக்கிறது என்பது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்த எந்த டிரஸருக்கும் தெரியும். இருபது நிமிடம் உட்கார்ந்து பேசக்கூடிய டாக்டருக்கு இங்கே வேலை குறையாது.

அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் கோர்டன் மூர் என்ற குடும்ப மருத்துவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உதவியாளர் யாருமின்றி, கணினி ஒன்றை வைத்து நடத்திக் காட்டினார். சிறு கிளினிக் பற்றிப் படிக்கிறவர்கள் அதைப் பின்பற்ற நினைக்கிறார்கள். இங்கே அது அப்படியே பொருந்தாது. அங்கே டாக்டர் சீட்டு எழுதுவார், மருந்துக் கடை மருந்து தரும். நம் நாட்டில் கிளினிக்கே மருந்தும் தருகிறது. மாத்திரை எண்ணி, உறை எழுதி, பணம் வாங்கி, பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது கூட நிற்க ஆள் வேண்டும். ஒருவர் லீவு எடுத்தாலும் கிளினிக் நடக்க வேண்டும் என்பதால் இருவர். அதற்குக் கீழே போக முடியாது, மேலே போகத் தேவையில்லை.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். பலர் சறுக்குவது இங்கேதான். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 586, 2006 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பதிவுச் சான்றிதழ் கையில் இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கக்கூடாது. மீறினால் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளிவரை அபராதம், ஆறு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பம் மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகும். கடையை வாடகைக்கு எடுத்து, தச்சரை வைத்து அறை தடுத்து, அதன் பிறகு வரைபடம் கொடுப்பது பெரிய தவறு. அறையின் அளவு, கை கழுவும் தொட்டி, கழிப்பறை, நோயாளியின் தனிமை என்று ஏதாவது ஒன்றில் இடிக்கும். தடுப்பை உடைத்து மறுபடி கட்ட நேரும், வாடகை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். வரைபடத்தை முதலில் அதிகாரியிடம் காட்டிப் பேசுங்கள். நகராண்மைக் கழகத்திடம் அந்தக் கடையில் கிளினிக் நடத்த அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பொம்பா (தீயணைப்பு இலாகா) என்ன கேட்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் "பதிவு கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும், சீரமைப்புக் காலத்துக்கு இரண்டு மாத வாடகை இல்லை" என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். தரைத் தளத்தையே எடுங்கள். முட்டி வலிக்காரர்கள் மாடி ஏறமாட்டார்கள்.

டாக்டரின் ஆண்டுச் சான்றிதழில் வேலையிடத்தின் முகவரி சரியாக இருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்க 20 தொடர்கல்விப் புள்ளிகளும் தொழில் காப்புறுதியும் கட்டாயம். உபகாரச் சம்பளத்தில் படித்தவர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று ராஜினாமாவுக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்யட்டும். வேலையில் இருக்கும்போதே இலாகா அனுமதி பெற்று வேறு கிளினிக்குகளில் லோக்கம் பார்ப்பது மிக நல்லது. மருந்து கொள்முதல், பில், எம்.சி. தகராறு எல்லாவற்றையும் வேறொருவர் செலவில் கற்றுக்கொள்ளலாம்.

கருவிகளில் ஆசைக்கு அணை போடுங்கள். எக்ஸ்ரே வைத்தால் அணுசக்தி உரிமச் சட்டம் 1984 வந்துவிடும். தனி உரிமம், தனிச் சுவர், தனிச் செலவு. அல்ட்ராசவுண்ட் இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளே வேண்டியவை ஈசிஜி, நெபுலைசர், இனிப்புநீர் பார்க்கும் கருவி, சிறுநீர்க் கீற்று, டிங்கி சோதனைக் கிட், ஆட்டோகிளேவ், ஆக்சிஜன் சிலிண்டர், அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), அட்ரினலின். அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று இரு உதவியாளர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் தொடையில் தசை ஊசியாகப் போட வேண்டிய நேரத்தில் அலமாரி தேடக்கூடாது.

நம் ஊர்களுக்கு ஒரு கருவி மட்டும் மற்றவற்றைவிட முக்கியம் என்று நாங்கள் கருதுகிறோம். அது ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம். டிங்கி காய்ச்சலில் நோயாளிக்கு ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. அப்போது ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, பிளேட்லெட் இறங்குகிறதா என்று நாளுக்கு நாள் ஒப்பிட வேண்டும். வெளி லேப் வண்டி நாளுக்கு ஒருமுறைதான் வரும். மாலை ஐந்துக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு மறுநாள் காலைதான் கிடைக்கும். அதற்குள் நோயாளி லயன் வீட்டில் வயிற்று வலியோடு வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார். எலிக் காய்ச்சலும் இதே தோட்டங்களில் இதே முகத்தோடு வருகிறது. இயந்திரத்தை வாங்காமல், ரசாயனம் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கம்பெனியே வைத்துத் தருவதும் உண்டு. ஆனால் மாதம் குறைந்தது இத்தனை சோதனை என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நாளுக்கு 22 நோயாளி வரும் கிளினிக்கால் பெரிய எண்ணிக்கையை எட்ட முடியாது. இயந்திரம் இல்லையென்றால் சந்தேகமான டிங்கியை அன்றே அரசாங்க கிளினிக்குக்கோ ஜெம்போல் மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுங்கள்.

தடுப்பூசிக்கும் இன்சுலினுக்கும் 2 முதல் 8 டிகிரி வேண்டும். வீட்டு ஐஸ்பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடேறும், உட்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்த தடுப்பூசியில் பல பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. உச்ச, நீச வெப்பம் காட்டும் தெர்மாமீட்டரை வைத்துக் காலையும் மாலையும் எழுதுங்கள். மாலை இடிமழையில் மின்சாரம் போகிற ஊர்களில் இந்த நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

மருந்தில் 120 வகைக்குள் தொடங்கலாம். ஒவ்வொன்றிலும் நாலு முதல் ஆறு வாரத்துக்கு மட்டும். பத்துப் பெட்டிக்கு மூன்று போனஸ் என்று விற்பனையாளர் சொல்வார். அந்த மூன்று பெட்டிதான் பதினெட்டு மாதம் கழித்துக் காலாவதியாகி அலமாரியில் கிடக்கும். போதைக்கும் பயன்படுத்தப்படும் கொடெய்ன் கலந்த இருமல் மருந்தை வைக்கவே வேண்டாம். ஒரு கிளினிக்கில் அது கிடைக்கும் என்ற பேச்சு ஊரில் பரவினால், வருகிற கூட்டமும் அதோடு வரும் மிரட்டலும் உதவியாளர்களை விரட்டிவிடும். எம்.சி. விற்பனையும் அப்படித்தான், முதல் வாரத்திலேயே மறுத்துவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். 2025 மே முதல் மருந்து விலையை நோயாளி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். பட்டியலைத் தமிழிலும் மலாயிலும் வையுங்கள். மருந்து உறையில் எழுதுவதோடு சூரியன், நிலா படம் போட்ட ஒட்டியும் இருக்கட்டும். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் உழைக்கிறவர்களுக்கு அந்தப் படம்தான் மொழி. ஆலோசனைக் கட்டணத்தை 2006 விதிமுறை 10 முதல் 35 வெள்ளி என்று வைத்து, நீண்ட காலம் அப்படியே கிடந்தது. இப்போதைய வரம்பை இலாகாவில் கேட்டுக்கொண்டு விலை போடுங்கள்.

ஊசியும் ரத்தக் கறை பட்ட பஞ்சும் எஸ்.டபிள்யூ.404 என்ற அட்டவணைக் கழிவு. அதைக் குப்பை லாரியில் போட முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் எடுக்க வேண்டும், 180 நாளுக்குமேல் வைத்திருக்கக்கூடாது. ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். அமுக்கி நிரப்பும்போதுதான் கையில் குத்துகிறது.

இனிப் பணம் வரும் வழி. தோட்ட நிர்வாகத்தோடு வருகை மருத்துவர் ஒப்பந்தம், கம்பெனி பேனல் (கம்பெனி தன் ஆட்களை அனுப்பிப் பணம் கட்டும் ஏற்பாடு), சொக்சோ, குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 பரிசோதனை, 2023-இல் வந்த மடானி மருத்துவத் திட்டம், அந்நியத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனை என்று பல கதவுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறப்பதுதான் களைப்பின் மறுபிறவி. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மென்பொருள், ஒரு கடவுச்சொல், ஒரு படிவம். இரவு பத்து மணிக்கு வீட்டு மேசையில் பேனல் பில் அடிக்கிற டாக்டர், மருத்துவமனையை விட்டு வந்ததன் பயன் என்ன? முதல் ஆண்டில் இரண்டு போதும். இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வரும் பேனல் பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், நிர்வாகக் கட்டணமும் பிடிப்பார்கள். பேனல் வருமானம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். தொடங்கும்போதே ஆறு மாதச் செலவு, மேலே சொன்ன கணக்கில் டாக்டரின் சம்பளம் நீங்கலாக ஏறக்குறைய 51,000 வெள்ளி, கருவிக்கும் தச்சு வேலைக்கும் அப்பால் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள்தான் நாலாம் மாதம் இரவுக் கதவைத் திறக்கிறார்கள்.

பில் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணங்கள். தொழிலாளி எண் இல்லை, பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்துப் பிழை, எம்.சி. நாளும் பில்லும் பொருந்தவில்லை. நோயாளி கவுண்டரில் நிற்கும்போதே உதவியாளர் சரிபார்த்தால் ஒரு நிமிடம். இரண்டு மாதம் கழித்துத் தேடினால் தோட்டத்துக் கிராணியோடு (எழுத்தர்) அரை நாள். டாக்டரும் அப்படியே. ஒவ்வொரு நோயாளி எழுந்து போனதும் அவர் குறிப்பை முடித்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். கதவு சாத்தும்போது எழுதாத குறிப்பு ஒன்றும் இருக்கக்கூடாது.

சின்ன ஊரில் டாக்டரை எல்லோருக்கும் தெரியும். கோவில் திருவிழாவில், கல்யாணப் பந்தியில், பசார் மாலாமில் (இரவுச் சந்தை) ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். அன்பினால்தான் நீட்டுகிறார்கள், கடிந்துகொள்ள முடியாது. சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுக்காமல், கிளினிக் பேரில் ஒரு வாட்ஸ்அப் எண் வையுங்கள். ஆறு மணிக்குப் பிறகு அது தானாகப் பதில் சொல்லட்டும்: நாளை காலை 8 மணிக்குத் திறக்கிறோம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவு தப்பினால் 999. இதைத் தமிழிலும் மலாயிலும் எழுதிவைத்தால் ஊர் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

தனியாக இருப்பதும் ஒரு சுமை. சந்தேகமான நோயாளியைப் பற்றிக் கேட்கப் பக்கத்து மேசையில் ஆள் இல்லை. முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து தொடங்குங்கள், ஆளுக்கு மூன்று நாள். முடியாவிட்டால் பக்கத்து ஊர் டாக்டரோடு பேசிவைத்து, ஒருவர் லீவில் போகும்போது அடுத்தவர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கு இரண்டு வாரம் கிளினிக்கை மூடும் தேதிகளை ஜனவரியிலேயே வாசலில் ஒட்டிவிடுங்கள். நீண்டநாள் நோயாளிகளுக்கு அதற்கேற்ப மருந்துச் சீட்டும் அடுத்த தேதியும் கொடுத்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கிளினிக்கில் கூட்டம் இல்லையே என்று முதல் ஆறு மாதம் கவலைப்படாதீர்கள், பக்கத்துக் கிளினிக் இரவு பத்துவரை திறந்திருக்கிறதே என்று ஒப்பிடாதீர்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒன்று: உங்கள் தொழிலாளிகளைப் பார்க்கிற சிறு கிளினிக்கின் பில்லை 30 நாளில் தீர்த்துவிடுங்கள். இரண்டு உதவியாளரின் சம்பளம் அந்தப் பில்லில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தோட்டப்புறப் பொதுமருத்துவர்கள் சிலர்,
பகாவ், நெகிரி செம்பிலான்.